ஒரு தும்பின் பலத்தை அளப்பது எப்படி?

தும்பு வாங்க வரும் வியாபாரி ஒரு பிடியை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறார். "இது சத்தில்லாத தும்பு" என்று சொல்லி விலையைக் குறைக்கிறார். பொச்சுமட்டையை மாதக்கணக்கில் ஊறவிட்டு, அடித்து, தும்பு பிரித்த பெண்களிடம் அதற்கு மறுமொழி இல்லை. அவர்களிடம் அளந்து பெற்ற ஓர் எண் இருந்தால் பேச்சு வேறாக இருக்கும். அந்த எண்ணைப் பெறும் வழியை இங்கு பார்ப்போம்.

பாரம் வேறு, பலம் வேறு

தடித்த தும்பு கூடிய பாரத்தைத் தாங்கும். மெல்லியது குறைந்த பாரத்தைத் தாங்கும். ஆகவே பாரத்தை மாத்திரம் வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. அறுக்கும் விசையைத் தும்பின் குறுக்குவெட்டுப் பரப்பால் பிரிக்க வேண்டும். உதாரணமாக, 0.2 மி.மீ. தடிப்புள்ள தும்பின் பரப்பு 0.0314 சதுர மி.மீ. அது 480 கிராமில் அறுந்தால், விசை ஏறத்தாழ 4.7 நியூற்றன். எனவே பலம் சதுர மி.மீற்றருக்கு 150 நியூற்றன். தென்னந்தும்பு பொதுவாக 100க்கும் 220க்கும் இடையில் நிற்கும்.

சணல் இதைவிடப் பலமானது. ஆனால் சணல் 2 வீதமளவு நீண்டதும் அறுந்துவிடும். தென்னந்தும்போ 15 முதல் 40 வீதம் வரை நீண்ட பின்னரே அறும். திடீர் இழுவையை அது பொறுத்துக்கொள்வது இதனாலேயே.

செய்முறை

சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் லியனார்டோ டா வின்சி, இரும்புக் கம்பியில் கூடையைத் தொங்கவிட்டு, அதற்குள் சிறு துளை வழியே மணலை விழச் செய்து, கம்பி அறுந்ததும் மணலை நிறுக்கும் முறையை எழுதிவைத்தார். நாம் மணலுக்குப் பதில் தண்ணீரைப் பயன்படுத்துவோம்.

1. தும்பின் தடிப்பை மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள நுண்மானித் திருகுக்கணிச்சி இதற்குப் போதும்.
2. தடித்த மட்டையில் 2 ச.மீ. உயரமான யன்னல் வெட்டி, தும்பை அதன் நடுவே நேராக வைத்து, இரு முனைகளையும் வலுவான பசையால் ஒட்டுங்கள். ஒரு நாள் காயவிடுங்கள்.
3. மட்டையின் மேற்பக்கத்தை ஆணியில் மாட்டி, கீழ்ப்பக்கத்தில் வெற்றுப் போத்தலைக் கட்டுங்கள். போத்தலைக் கையில் தாங்கியபடி யன்னலின் இரு பக்கங்களையும் வெட்டி, பிறகு மெதுவாகக் கையை எடுங்கள்.
4. தும்பு அறும்வரை தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரு மி.லீற்றர் ஒரு கிராம். போத்தலின் நிறையையும் கீழ் மட்டையின் நிறையையும் கூட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

தடிப்பில் 10 வீதம் பிழைத்தால் பலத்தில் ஏறத்தாழ 20 வீதம் பிழைக்கும். பசையின் ஓரத்தில் அறுந்த தும்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எல்லாத் தும்புகளையும் ஒரே நாளில், ஒரே அறையில் சோதியுங்கள்; ஈரப்பதன் முடிவை மாற்றும்.

யன்னலின் நீளத்தையும் மாற்றக் கூடாது. நீளம் கூடினால் பலவீனமான இடம் அகப்படும் வாய்ப்பும் கூடும். சங்கிலி அதன் மெலிந்த வளையத்திலேயே அறும் என்ற இவ்வுண்மையை, பருத்தி நூல்களைச் சோதித்த எவ். ரி. பியர்ஸ் 1926இல் கணிதமாக விளக்கினார். ஆகவே ஒரு தும்பு ஒன்றையும் நிரூபிக்காது. ஆகக்குறைந்தது 30 தும்புகளைச் சோதியுங்கள். சராசரியோடு மிகக் குறைந்த எண்ணையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வியாபாரி புகழும் தும்பையும் இதே முறையில் சோதித்து, இரண்டையும் ஒரே கொப்பியில் பதியுங்கள். நமது தும்பு தாழ்ந்தது என எண்கள் சொன்னால் அதையும் ஏற்போம். குறை எங்கே என்று தேடலாம். சமமெனச் சொன்னால், அடுத்த முறை விலை பேசும்போது கொப்பி மேசையில் இருக்கட்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது ஊரில் தும்பின் தரத்தை இப்போது தீர்மானிப்பவர் யார்? எதைக் கொண்டு?
2. ஊறவிடும் காலம் கூடினால் பலம் மாறுகிறதா? இதைக் கண்டறிய எத்தனை தொகுதித் தும்பு வேண்டும்?