முதற் கண்டோன்

விளையாட்டுக்கள் பலவற்றுள்ளும் நடுவர் ஒருவர் நிற்றலைக் காண்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் எல்லைக் கோட்டருகே கடிகாரம் ஏந்தி ஒருவர் நிற்கிறார். பந்தாட்டத்தில் ஊதுகுழல் கொண்டு ஒருவர் உடன் ஓடுகிறார். நடுவர் இல்லாவிடத்து வெற்றி தோல்வி பூசலாய் முடிதல் உலகியல்பு. ஆயின், நடுவரும் இன்றி, காண்போர் கூட்டமும் இன்றி, பெரும்பாலும் பரிசிலும் இன்றி, முதல்வராதல் வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே துணையாகப் பலர் விரைந்து செல்லும் பந்தயம் ஒன்று இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிற்று. புதிதாக மறைத்து வைக்கப்பட்ட பேழையொன்றை ஏனையோர்க்கு முன்னே சென்று காணும் பந்தயமே அது. அதன் தோற்றத்தையும் நடைமுறையையும் கூறி, அதில் 'முதல்' என்னும் சொல் பெறும் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பெயரும் பொருளும்

இவ்விளையாட்டை ஆங்கிலத்தில் ஜியோகேஷிங் என்பர். 'ஜியோ' என்பது புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. 'கேஷ்' என்பது மறைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லடியாகப் பிறந்து, வழிச்செல்வோர் உணவு முதலியவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்ளுமாறு ஒளித்து வைக்கும் இடத்தையும் பொருளையும் குறிப்பதாயிற்று. இவ்விளையாட்டிற்குரிய கலத்தை நாம் 'மறைபேழை' என்போம். 'புதைபேழை' என்றல் பொருந்தாதோ எனின், பொருந்தாது. மண்ணைத் தோண்டிப் புதைத்தலை இதன் விதிகள் பொதுவாக உடன்படுவதில்லை. மரப்பொந்து, கற்குவியல், வேலித் தூணின் பின்புறம், பாலத்தின் அடிப்புறம் போன்ற இடங்களில் மறைத்தலே மரபு.

பேழையானது நீர் புகாத சிறு கலம். அதனுள் குறிப்பேடு ஒன்று இருத்தல் இன்றியமையாதது. பேழை பெரிதாயின் சிறு பொருள்கள் சிலவும் இருக்கும். ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடாக வேறொன்றை வைத்தல் வேண்டும். கண்டவர் தம் பெயரையும் நாளையும் ஏட்டிற் பொறித்துப் பேழையை முன்னிருந்தவாறே மறைத்துவிட்டு மீள்வர். ஆகவே, இது கண்டவர் கைக்கொண்டு போகும் புதையலன்று என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தோற்றம்

மறைத்த கலத்தைத் தேடிச் சென்று வருகையைப் பதிந்து மீளும் வழக்கம் முற்றும் புதியதன்று. இங்கிலாந்தின் தென்மேற்கே டார்ட்மூர் என்னும் மேட்டுப் பெருவெளியில், கிரேன்மியர் குளம் என்னும் அடைதற்கரிய சதுப்பிடத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி 1854-இல் கலம் ஒன்றை வைத்தார். ஆங்குச் சென்றோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு வந்தனர். ஆயின், அவ்விடத்தை அறிய வழிகாட்டியின் துணையோ அறிந்தார் வாய்மொழியோ வேண்டியிருந்தது. எண்களைக் கொண்டே இடத்தைக் காணும் விளையாட்டுக்கு வழி திறந்தவை வானத்தில் உலவும் செயற்கைக்கோள்களாம்.

அமெரிக்க அரசினர் அமைத்த ஜி. பி. எஸ். கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய குறிகளில், பாதுகாப்புக் கருதி, வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் பொதுமக்கள் கையிலுள்ள கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை பிறழக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன் ஆணைப்படி அப்பிழை நீக்கப்பட்டது. தெருவை மட்டும் காட்டவல்லதாயிருந்த கருவி, ஒரே இரவில், அத்தெருவிலுள்ள வீட்டையே காட்டவல்லதாயிற்று.

மறுநாள், மே 3-இல், ஆரிகன் மாநிலத்துப் பீவர்க்ரீக் என்னும் ஊரையடுத்த மரச்செறிவில் டேவ் அல்மர் என்பவர் கரிய வாளி ஒன்றைப் பாதி புதைத்து வைத்தார். புதைத்தலை விலக்கும் விதி பின்னர் எழுந்ததே. நூல்கள், படநாடாக்கள், கணிப்பொறி மென்பொருள், சிறிது பணம், கவண், பீன்ஸ் அடைத்த தகர டப்பா ஆகியவை அவ்வாளியுள் இருந்தன. வடக்கு 45 பாகை 17.460 கலை, மேற்கு 122 பாகை 24.800 கலை என்னும் எண்களை அவர் இணையத்தின் வாயிலாகப் பலரும் அறிய வெளியிட்டார். மே 6-ஆம் நாளுக்குள் அது இருமுறை காணப்பட்டது. ஆயினும், பதியப்பட்டது ஒருமுறையே. அங்ஙனம் பதிந்தவர் அண்டை மாநிலமாகிய வாஷிங்டனைச் சார்ந்த மைக் டீக் என்பவர். முதற் கண்டோன் என இவ்விளையாட்டின் வரலாறு வழங்கும் பெயர் அவருடையதே.

டீக் தாம் கண்டதோடு அமையவில்லை. பிறர் மறைத்த பேழைகளின் இட எண்களைத் திரட்டி, எல்லோரும் காணுமாறு பட்டியல் செய்து வைத்தார். அம்மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேஷிங் என்னும் பெயரை முன்மொழிந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஜெரமி ஐரிஷ் என்பவர் இவ்விளையாட்டுக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியபோது அதில் இடம்பெற்ற பேழைகள் 75. இன்று உலகெங்கும் உள்ளவை 30 இலட்சத்துக்கு மேற்பட்டவை. இவ்வளர்ச்சியின் வித்துக்களுள் ஒன்று, முதற் கண்டவர் முதற் கணக்கராகவும் ஆனமையே என்பது நம் கருத்து.

பந்தயம் நிகழுமாறு

பேழையை மறைக்க விரும்புவோர் முதலில் தக்க இடத்தைத் தேர்ந்து, அவ்விடத்துக்கு உரியோரின் இசைவு பெற்று, கருவியால் அளந்து எண்களைக் குறித்துக்கொள்வர். தேடுதலின் கடுமையையும் நிலத்தின் கடுமையையும் தனித்தனியே 1 முதல் 5 வரையுள்ள படிகளால் மதிப்பிடுவர். இக்குறிப்புக்கள் ஊதியம் பெறாது பணிசெய்யும் ஆய்வாளர் ஒருவரிடம் செல்லும். மற்றொரு பேழைக்கு 161 மீட்டருக்குள் இது அமைந்துள்ளதோ என்பது முதலியவற்றை அவர் நோக்கிக் குற்றமின்றேல் வெளியிடுவார். வெளியிட்ட அளவிலே, சந்தா செலுத்தி வேண்டிக்கொண்டோர்க்கு அறிவிப்புச் செல்லும். பந்தயம் தொடங்கிவிட்டது!

உணவுக்கு அமர்ந்தவர் மேசையை விட்டு எழுகிறார். உறங்கச் சென்றவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளிப்படுகிறார். இருள் சூழ்ந்த ஒரே மரத்தடியில் இரண்டு மூன்று விளக்குகள் ஒன்றையொன்று எதிர்ப்படுதலும் உண்டு. அங்ஙனம் எதிர்ப்பட்டவர் சிலபோது சேர்ந்து தேடிச் சேர்ந்தே பெயரெழுதுவர். இத்துணை விரைவும் எதன்பொருட்டு? எழுத்தொன்றும் விழாத முதற்பக்கத்தின்பொருட்டே. மறைத்தவர் அன்பினால் சிறு பரிசு வைத்திருத்தலும் உண்டு. ஆயினும் அது கட்டாயமன்று.

அளவும் பிழையும்

எண் கையில் உள்ளதாயின் பேழையைக் காண்டல் எளிதன்றோ எனச் சிலர் வினவலாம். எளிதன்று. நிலக்கோட்டின் ஒரு கலை தரையில் ஏறக்குறைய 1,852 மீட்டர். ஆதலின், கலையின் ஆயிரத்தில் ஒரு கூறு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகும். எண் இத்துணை நுட்பமாக எழுதப்படினும், கருவி அத்துணை நுட்பமாக உணர்வதில்லை. கருவி 10 மீட்டர் பிறழுமாயின், தேடவேண்டிய வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர் ஆகும். மறைத்தவர் கருவியின் பிழை ஒன்று, தேடுபவர் கருவியின் பிழை ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்தால் வட்டம் இன்னும் விரியும். அடர்ந்த மரங்களும் உயர்ந்த கட்டடங்களும் கோள்களின் குறிகளை மறைத்தும் மறித்தும் இடர் செய்யும். எனவே, இறுதிச் சில அடிகளைக் கருவி கடத்துவதில்லை. கண்ணும் கருத்துமே கடத்தல் வேண்டும்.

பின்வருவோர்க்கு இல்லாத ஓர் இடர் முதல்வர்க்கு உண்டு. புதிய பேழையின் எண்களை மறைத்தவரையன்றி ஒருவரும் களத்தில் சோதித்திலர். 17.460 என எழுத வேண்டியதை 17.640 என இலக்கம் மாற்றி எழுதிவிடின், தேடுவோர் ஏறக்குறைய 333 மீட்டர் தள்ளி நின்று வீணே அலைவர். அத்தகைய பிழையை உணர்ந்து, உண்மையிடத்தைக் கண்டு, திருத்திய எண்களை அறிவித்தல் முதல்வரால் ஆகும் தொண்டு. அறிந்ததை அறிவியாது பெயரை மட்டும் எழுதி மீள்பவர் வெற்றியைப் பெற்றாரேனும் கடனைச் செலுத்தினாரல்லர்.

முதன்மைக்குச் சான்று

நடுவரில்லாத பந்தயம் என முன்னர்க் கூறினோம். இவ்விளையாட்டை நடத்தும் நிறுவனத்தார் முதற் காண்டலைத் தம் கணக்கில் ஒரு சிறப்பாகக் கொள்வதில்லை. யார் முதல்வர் என்னும் வழக்கையும் தீர்ப்பதில்லை. ஏட்டில் முன்னைய நேரத்தைப் பொய்யாக எழுதலாம். மறைத்த நண்பரிடம் இடத்தை முன்னரே கேட்டறிந்து செல்லலாம். தடுப்பார் யார்? பின்வந்து அவ்வேட்டைத் திறக்கும் இரண்டாமவரே முதலாமவரின் பெயருக்குச் சான்று. ஏனைய சான்று அவரவர் நெஞ்சே.

இவ்வுண்மையைப் பெரியதொரு பந்தயத்தில் வைத்துக் காணலாம். நார்வே நாட்டு ரோல்டு அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-இல் தென்முனையை அடைந்தார். ஆங்கு ஒரு கூடாரத்தை நிறுவி, தம் மன்னர்க்கு ஒரு மடல் எழுதி, அதனை அவரிடம் சேர்ப்பிக்குமாறு பின்வரவிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்காட்டுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்து மீண்டார். 1912 ஜனவரி 17-இல் முனையை அடைந்த ஸ்காட், தாம் பிந்தியதை அறிந்து வருந்தியும், அம்மடலை எடுத்துச் சென்றார். திரும்பும் வழியில் அவரும் உடன்சென்ற நால்வரும் உயிர் துறந்தனர். அவ்வாண்டு நவம்பரில் தேடிச் சென்றோர் பனியிடையே ஸ்காட்டின் நாட்குறிப்பையும் அம்மடலையும் கண்டெடுத்தனர். தோற்றவர் இறுதிவரை சுமந்த மடல் வென்றவரின் வெற்றிக்குச் சான்றாயிற்று. முந்தியவர் பிந்தியவரை நம்பினார். பிந்தியவர் அந்நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. இவருள் பெரியார் யாவர் எனத் துணிதல் எளிதோ?

குறையும் விடையும்

இப்பந்தயத்தில் குறை காண்போரும் உளர். விரைவு மிகுதியால் சாலையில் ஊர்தியை வரம்பு கடந்து செலுத்துதலும், இரவில் அடைக்கப்பட்ட பூங்காவினுள் புகுதலும், செடி கொடிகளை மிதித்தழித்தலும் நேர்கின்றன என்பர். இருளில் மதிலருகே குனிந்து தேடுவோரைக் கள்வரென ஐயுற்றதும், பேழையையே வெடிப்பொருளென அஞ்சிக் காவலரை அழைத்ததும் உண்டு. இவை மறுக்கத்தக்க குறைகள் அல்ல. ஆயின், இவை முதன்மையை விரும்புதலால் வந்தனவோ, முதன்மையின் பொருளைப் பிறழ உணர்ந்தமையால் வந்தனவோ என்பதை ஆராய்தல் வேண்டும்.

நம் மொழியில் 'முதல்' என்னும் சொல் தொடக்கத்தைக் குறிக்கும். வேரையும் காரணத்தையும் குறிக்கும். வணிகன் இட்ட பொருளையும் குறிக்கும். பெயர் முதலில் நிற்பதனாலேயே ஒன்று முதலாகிவிடாது. அதிலிருந்து பின்னர் ஏதேனும் கிளைத்தல் வேண்டும். வணிகத்தின் முதலைத் தின்று தீர்த்தவனை முதலாளி என உலகம் நெடுநாள் கூறுவதில்லை. அதுபோலவே, தான் கண்டபின் பிறர் காணவொண்ணாதவாறு இடத்தைச் சிதைத்தவனும், பேழையை அரைகுறையாய் மூடி மழைக்கு இரையாக்கியவனும் முந்தி வந்தவரேயன்றி முதல்வராகார்.

திருமறையிலும் இருவர் ஓடிய ஓட்டம் ஒன்றுண்டு. உயிர்த்தெழுந்த நாளின் காலையில், கல்லறை வெறுமையாயிற்று எனக் கேட்டுப் பேதுருவும் மற்றொரு சீடரும் ஓடினர் என்றும், மற்றவர் விரைந்தோடி முந்தினார் என்றும் யோவான் சுவிசேஷம் கூறுகின்றது. முந்தியவரோ குனிந்து நோக்கினாரேயன்றி உள்ளே புகவில்லை. பின்வந்த பேதுருவே முதலில் புகுந்தார். அதன்பின் முந்தியவரும் புகுந்து கண்டு விசுவாசித்தார். ஓட்டத்தில் யார் முந்தினார் என்பதை அந்நூல் மறைக்கவுமில்லை; அம்முந்துதலால் மற்றவர்க்கு வழி அடைபடவுமில்லை. நிலத்திற் புதையல் கண்டவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையிலும், கண்டவன் அதனை மீண்டும் மறைத்து வைக்கிறான். தனக்குள்ள யாவையும் விற்று அந்நிலத்தைத் தனதாக்கிக்கொள்ளும்பொருட்டு மறைக்கிறான். மறைபேழையைக் கண்டவரோ தாம் அறியாத ஒருவர் பின்வந்து காணும்பொருட்டு மறைக்கிறார். இவ்விளையாட்டின் அழகு முழுதும் அவ்வொரு செயலில் அடங்கியுள்ளது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! நாம் வாழும் கல்லூரி வாழ்வும் முந்துவோர் பந்தயமாகவே உளது. வகுப்பில் முதன்மை, தேர்வில் முதன்மை, மேடையில் முதன்மை என எங்கணும் அதுவே பேச்சு. முந்துதல் குற்றமன்று, முந்த விரும்பாத இளமை இளமையுமன்று. ஆயின், தேர்வு நெருங்குங்காலத்து நூலகத்தில் அரிய நூலொன்றை முதலிற் கண்டு, பிறர் கைப்படாதவாறு அதனை வேறொரு தட்டின் பின்னே செருகிவைக்கும் மாணவரும் உளரன்றோ? அவரும் மறைப்பவரே. அவர் மறைத்ததைத் தேடுவோர்க்கு எண் குறிப்பும் இல்லை; பெயரெழுத ஏடும் இல்லை. பீவர்க்ரீக் காட்டருகே வாளியைக் கண்டவர் செய்தது வேறு: கண்டார், எழுதினார், பிறர் காணுமாறு பட்டியல் செய்தார். நாமும் ஒரு நூலையோ, ஒரு பாடத்தின் நுட்பத்தையோ, ஓர் உண்மையையோ முதலிற் காணும் பேறு பெற்றால், அதனை இருந்தவிடத்தில் செவ்வனே வைத்து, வழியைப் பிழையின்றிக் கூறிச் செல்வோமாக. ஏட்டின் முதல் வரியில் நம் பெயர் இருத்தல் இனிது. அதன்கீழ் இரண்டாம் பெயரும் மூன்றாம் பெயரும் வளர்ந்து வருதல் அதனினும் இனிது.