மேயரும் ஆணையரும்

சென்னை மாநகராட்சி 1688-ஆம் ஆண்டில் தோன்றியது. இடையே மறைந்திருந்த மேயர் பதவி 1933-இல் மீண்டும் வந்தது. அதனை முத்தையா செட்டியார் ஏற்றார். அங்கி அணிந்து மாமன்றத்திற்குத் தலைமை வகிக்கும் மேயர், காண்பதற்கு அரசரைப் போன்றவர். ஆயினும் ஒரு தெருவிளக்கை நடுமாறு தாமே ஆணையிட இயலாதவர். 1919-ஆம் ஆண்டுச் சட்டம், முடிவு செய்தலை மாமன்றத்திற்கும் நிறைவேற்றுதலை ஆணையருக்கும் பிரித்தளித்தது. ஆணையரை அமர்த்துவதோ அரசு. மாமன்றம் இயற்றும் துணைவிதியும் அரசு இசைந்தாலன்றிச் செல்லாது என்றது அச்சட்டம். இஃது ஊராட்சிக்கு இட்ட விலங்கு என்பார் உளர்; வரிப்பணம் ஒருவர் கையில் சிக்காமைக்கு இட்ட வேலி என்பாரும் உளர். இரண்டிலும் உண்மை உண்டு. மாணவர்களே! உங்கள் தெருவில் சாக்கடை தேங்கினால் மேயரை மட்டும் நோவது பொருந்தாது. வட்ட உறுப்பினரிடம் முறையிடுங்கள். அவர் மாமன்றத்தில் அதனை வினாவாக எழுப்பலாம்.