விண்டோஸிலிருந்து மேக்புக்குக்கு மாறலாமா? ஒட்டியிருக்கிற விலையை விடுங்க, மாதச் செலவைக் கணக்குப் போடுங்க



முதல் அப்ரைசல் முடிஞ்சதும், இல்லைன்னா கம்பெனி மாறி சம்பளம் கொஞ்சம் ஏறினதும், நிறைய பேருக்கு வர்ற ஆசை இது: "இந்தப் பழைய விண்டோஸ் லேப்டாப்பை ஓரங்கட்டிட்டு ஒரு மேக்புக் வாங்கிடலாமா?" ஆசைப்படுறதில் தப்பே இல்லை. ஆனா ஷோரூமில் "மாதம் 8,333 ரூபாய் மட்டுமே" என்ற அட்டையைப் பார்த்து முடிவெடுத்தால், அடுத்த ஒரு வருஷம் எஸ்ஐபி நிக்கும், அவசர நிதி கரையும்.

எது சிறந்த கம்ப்யூட்டர் என்ற சண்டைக்குள்ள நாம போகப் போறதில்லை. மாறுறதுக்கு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும், அது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா, அதைத்தான் பார்க்கப் போறோம். பேனாவும் பேப்பரும் எடுத்துக்கோங்க.

1. முதல் கேள்வி: மாறித்தான் ஆகணுமா?

"லேப்டாப் ஸ்லோவா இருக்கு" என்பதுதான் பெரும்பாலும் சொல்ற காரணம். பழைய லேப்டாப் ஸ்லோவாக இருக்க ரெண்டு பொதுவான காரணங்கள் உண்டு. ஒண்ணு, உள்ளே இருக்கிறது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டாலே ஆன் ஆகும் நேரம் முதல் எல்லாமே மாறிடும். இன்னொண்ணு, ரேம் பத்தாமல் போறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலை செய்யும்போது மெமரி எத்தனை சதவீதம் ஓடுதுன்னு பாருங்க. எப்பவும் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்னா ரேம்தான் பிரச்சனை. உங்க மாடலில் ரேம் கூட்ட இடம் இருந்தால், சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிஞ்சிடும்.

இன்னொரு காரணம் உண்மையானது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதுக்கு மேல இருக்கணும். உங்க மெஷின் அந்தத் தகுதியில் இல்லைன்னா, பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங், டீமேட் கணக்கு எல்லாம் திறக்கிறது நல்லதில்லை. அப்போ மாறுறது செலவு இல்லை, தேவை. ஆனா மேக்குக்குத்தான் மாறணும்னு அர்த்தமும் இல்லை. புது விண்டோஸ் லேப்டாப்பும் ஒரு வழி. பிரவுசர் வேலை மட்டும்தான்னா, பழைய மெஷினிலேயே உபுண்டு, மின்ட் மாதிரி இலவச லினக்ஸ் போடுறதும் ஒரு வழி.

2. உங்க சம்பளம் எந்த சாஃப்ட்வேரில் ஓடுது?

பணக் கணக்குக்கு முன்னாடி இதைப் பாருங்க. ஏன்னா இங்கதான் பெரிய செலவு ஒளிஞ்சிருக்கு. கடந்த ஒரு மாசத்தில் நீங்க திறந்த ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் எழுதுங்க. பிறகு மூணு குவியலாகப் பிரிங்க.

முதல் குவியல், ரெண்டிலும் ஒரே மாதிரி ஓடுறவை: குரோம், ஜூம், ஸ்லாக், விஎஸ் கோட், போட்டோஷாப் மாதிரி. இங்கே கவலை இல்லை.

ரெண்டாவது, ரெண்டிலும் இருக்கும், ஆனா ஒரே மாதிரி இருக்காது. நல்ல உதாரணம் எக்செல். சாதாரண ஷீட், பிவட் டேபிள் எல்லாம் மேக்கிலும் சரியாக ஓடும். ஆனா பவர் பிவட் மேக் எக்செலில் கிடையாது. ஆக்டிவ்எக்ஸ் பட்டன் வச்ச ஆபீஸ் ஷீட்டுகளும் ஓடாது. வருமான வரி ரிட்டர்னை பிரவுசரிலேயே போட்டுடலாம். ஆனா எக்செல் மேக்ரோவில் ஓடுற வரி யுட்டிலிட்டியை நம்பி இருக்கிறவங்களுக்கு விண்டோஸ் தேவைப்படும்.

மூணாவது, ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறவை. டேலி, பவர் பிஐ டெஸ்க்டாப், மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இதெல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. எதிர்ப்பக்கம் பார்த்தால் ஐபோன் ஆப் எழுதத் தேவையான எக்ஸ்கோட், வீடியோ எடிட்டிங்குக்கு ஃபைனல் கட் புரோ, இசைக்கு லாஜிக் புரோ இதெல்லாம் ஆப்பிள் பக்கம்தான்.

"மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கலாமே?" என்று கேட்பீங்க. பழைய இன்டெல் மேக்கில் பூட் கேம்ப் வழியாகப் போட முடிஞ்சது. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததிலிருந்து ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்குகளில் பூட் கேம்ப் இல்லை. பேரலல்ஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேருக்கு சந்தா கட்டி, விண்டோஸ் லைசன்ஸும் தனியாக வாங்கணும். அதில் ஓடுறதும் ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11. எல்லா சாஃப்ட்வேரும், எல்லா யுஎஸ்பி டிரைவரும் அதில் ஓடும்னு உறுதி இல்லை.

மூணாவது குவியலில் உங்க தினசரி வேலைக்கான விண்டோஸ் சாஃப்ட்வேர் ஒண்ணு இருந்தாலும், இங்கேயே நிறுத்திடுங்க. விண்டோஸிலேயே ஒரு நல்ல லேப்டாப் பாருங்க.

3. உண்மையான விலை: மாதத்துக்கு எவ்வளவு?

ஃபார்முலா ரொம்ப சிம்பிள்:

வாங்கும் விலை + மாறும் செலவு + இடையில் ரிப்பேர் − விற்கும்போது கிடைக்கும் பணம் = மொத்தச் செலவு. அதை நீங்க வச்சிருக்கப் போகும் மாதங்களால் வகுங்க.

கீழே உள்ள எண்கள் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்டவை. உங்க மாடலின் விலையை நீங்க போட்டுக்கோங்க.

விண்டோஸ் லேப்டாப்: விலை 60,000. பேட்டரி மாத்த 5,000. 4 வருஷம் கழிச்சு 10,000-க்கு விற்கிறோம். மொத்தச் செலவு 55,000. 48 மாசத்தால் வகுத்தால் மாதம் சுமார் 1,146 ரூபாய்.

மேக்புக்: விலை 1,00,000. மாறும் செலவு 12,000. பேட்டரிக்கு 13,000. 6 வருஷம் கழிச்சு 25,000-க்கு விற்கிறோம். மொத்தச் செலவு 1,00,000. 72 மாசத்தால் வகுத்தால் மாதம் சுமார் 1,389 ரூபாய்.

பார்த்தீங்களா? கடையில் 40,000 ரூபாயாகத் தெரிஞ்ச வித்தியாசம் மாதக் கணக்கில் 243 ரூபாயாகச் சுருங்கிடுச்சு. "அப்போ மேக் வாங்கிடலாம்"னு கிளம்பாதீங்க. இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு.

அதே மேக்கில் விண்டோஸ் ஓட்ட வருஷம் 7,000 ரூபாய் சந்தா கட்டினால், 6 வருஷத்துக்கு 42,000 கூடும். மாதச் செலவு 1,972 ஆகிடும்.

6 வருஷம் வச்சிருக்காமல், புது மாடல் ஆசையில் 3 வருஷத்திலேயே 50,000-க்கு வித்துட்டால்? பேட்டரி செலவு மிச்சம்தான். ஆனாலும் 62,000-ஐ 36-ஆல் வகுக்கணும். மாதம் 1,722.

இதே மாதிரி விண்டோஸ் லேப்டாப்பைக் கவனமாக 5 வருஷம் ஓட்டி, கடைசியில் 5,000-க்குத்தான் போகுதுன்னு வச்சுக்கிட்டாலும், மாதம் 1,000 ரூபாய்தான்.

ஆக, விலையை முடிவு பண்றது பெட்டியில் ஒட்டின ஸ்டிக்கர் இல்லை. எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க, உங்க சாஃப்ட்வேர் அதில் நேரடியாக ஓடுமா என்ற ரெண்டு பதில்தான். நீண்ட நாள் வச்சிருக்கிற பழக்கம் இல்லாதவருக்கு மேக் காஸ்ட்லி. இருக்கிறவருக்கு அவ்வளவு இல்லை.

4. அந்த 12,000 "மாறும் செலவு" எங்கிருந்து வருது?

மேக்புக் ஏரில் யுஎஸ்பி-சி போர்ட்தான். பழைய பென் டிரைவ், எச்டிஎம்ஐ மானிட்டர் இணைக்க ஒரு ஹப் வேணும்.

உங்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால், மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாத்தினால் ரெண்டு பக்கமும் ஓடும். ஆனா மாத்தும்போது உள்ளே இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். அதனால் காப்பி எடுக்க இன்னொரு டிஸ்க் தேவைப்படலாம்.

பழைய லேப்டாப்போட இலவசமாக வந்த ஆபீஸ் அந்த லேப்டாப்போட முடிஞ்சது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா என்றால் ரெண்டிலும் செல்லும்.

ரேம் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மேக்புக்கில் ரேம் சிப்போடவே சேர்ந்து வருது, பிறகு கூட்ட முடியாது. 2024 அக்டோபருக்கு முன்னாடி மேக்புக் ஏர் 8 ஜிபியில் தொடங்கும், அதுக்குப் பிறகு 16 ஜிபி. 6 வருஷக் கணக்கு போடுறவர் பழைய ஸ்டாக் 8 ஜிபி மாடலை "ஆஃபர்"னு வாங்கினால், கணக்கு பாதியிலேயே உடைஞ்சிடும்.

தமிழில் எழுதுறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் மேக்கில் உள்ளேயே இருக்கு. ஆனா விண்டோஸுக்கான என்எச்எம் ரைட்டர் அங்கே வராது.

5. "நோ காஸ்ட்" ஈஎம்ஐ-க்கும் காஸ்ட் உண்டு

பூஜ்ய சதவீத வட்டி என்று ஒண்ணு கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது என்னன்னா, பேங்க் வட்டி போடுது, அந்த வட்டி அளவுக்குக் கடையோ கம்பெனியோ உங்களுக்குத் தள்ளுபடி தருது.

1,00,000 ரூபாய், 12 மாசம், வட்டி 16 சதவீதம்னு வச்சுக்கோங்க. மாசம் 8,333 கட்டுவீங்க. அதில் வட்டி மட்டும் சுமார் 8,150. இது தள்ளுபடியில் கழிஞ்சிடும். ஆனா வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 1,468 ரூபாய், உங்க கையிலிருந்து போகும். பிராசஸிங் ஃபீ 199-ம் அதுக்கான ஜிஎஸ்டியும் சேர்த்தால் மொத்தம் சுமார் 1,700 ரூபாய். கூடவே, ஒரே தடவை கட்டினால் கிடைக்கிற கார்டு தள்ளுபடி கைவிட்டுப் போகலாம். கிரெடிட் கார்டு லிமிட்டும் முடங்கி நிற்கும்.

1,700 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். கையில் 35,000 வாங்குறவருக்கு உண்மையான ஆபத்து 8,333-இல்தான் இருக்கு. சம்பளத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு, 12 மாசத்துக்கு, ஒரு லேப்டாப்புக்கு. நடுவில் வேலை போனாலோ, வீட்டில் ஆஸ்பத்திரி செலவு வந்தாலோ, ஈஎம்ஐ நிற்காது.

அதனால் வரிசை இதுதான்: முதலில் 6 மாச செலவுக்கான அவசர நிதி. பிறகு ஒரு ஆர்டி. மாசம் 7,000 போட்டால் 14 மாசத்தில் 98,000, வட்டி தனி. பணம் சேர்ந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால், தாராளமாக வாங்குங்க.

இன்னொண்ணு. "லேப்டாப்புக்கு வரி கழிவு கிடைக்கும்"னு கடையில் சொல்வாங்க. தொழில் செய்றவங்க தேய்மானம் காட்டலாம். சம்பள வருமானத்தில் லேப்டாப் விலையைக் கழிக்க வழியில்லை.

6. செகண்ட் ஹேண்ட் மேக்: மூணு எச்சரிக்கை

30,000-க்குக் கிடைக்கும் இன்டெல் மேக்புக்கைத் தொடாதீங்க. மேக்ஓஎஸ் டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவிச்சிடுச்சு. எம்1 அல்லது அதுக்கு மேல பாருங்க.

விற்கிறவர் தன்னோட ஆப்பிள் கணக்கிலிருந்து அந்த மெஷினை நீக்கி, உங்க முன்னாடியே ரீசெட் பண்ணித் தரணும். இல்லைன்னா ஆக்டிவேஷன் லாக் விழும்.

ரீசெட் பண்ணி வைஃபை இணைச்சதும் ஏதாவது கம்பெனி பெயர் திரையில் வந்தால், அது ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் மெஷின். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

7. மாறும் மாசத்தை இப்படித் திட்டமிடுங்க

முதல் வாரம்: ஃபார்ம் 16, ஐடிஆர், பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டரில் போட்டு ரெண்டு இடத்தில் காப்பி வைங்க. பிரவுசரில் சேமிச்ச பாஸ்வேர்டுகள் புது மெஷினுக்கு வருதான்னு பாருங்க. ஃபைல்களை மாத்த ஆப்பிளின் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் விண்டோஸுக்கும் இருக்கு.

ரெண்டாவது வாரம்: கை பழகணும். கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். சிவப்புப் பட்டன் ஜன்னலை மூடும், ஆப்பை மூடாது; அதுக்கு கமாண்ட் + க்யூ. ஃபைலை இடம் மாத்த, கமாண்ட் + சி போட்டு, பிறகு ஆப்ஷன் + கமாண்ட் + வி. ரிலீஸ், ஆடிட், மாசக் கடைசி குளோசிங் இருக்கும் வாரத்தில் மாறாதீங்க.

மூணு, நாலாவது வாரம்: எல்லா வேலையும் புதுசில். பழைய லேப்டாப்பை இன்னும் விற்காதீங்க. ஒரு மாசம் முழுக்க அதைத் திறக்கத் தேவையே வரலைன்னா, டிரைவ் முழுசையும் அழிக்கிற ரீசெட் போட்டு வித்துடுங்க.

இன்றைய ஹோம்வொர்க்

உங்க சாஃப்ட்வேர் லிஸ்ட்டை மூணு குவியலாகப் பிரிங்க. மாதச் செலவை உங்க எண்களோட போடுங்க. விண்டோஸ், மேக் எது வந்தாலும், அந்த மாதத் தொகையை இந்த மாசத்திலிருந்தே "அடுத்த கம்ப்யூட்டர்" என்ற பெயரில் ஒரு ஆர்டியில் போட ஆரம்பிங்க. அடுத்த தடவை மெஷின் படுக்கும்போது ஈஎம்ஐ அட்டையைத் தேட வேண்டியிருக்காது.

அடுத்த பாடத்தில் சந்திப்போம்.