மழைக்காலக் காய்ச்சல்: மருத்துவமனை ஊழியர்கள் இப்போது செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழையோடு ஓபி வரிசையும் நீளத் தொடங்கிவிட்டது. இன்ஃப்ளூயன்சா பிடித்தவர், காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்புவார். அதன்பின் 5 முதல் 7 நாள் வரை பரப்பலாம். நம்மில் ஒருவருக்கு வந்தால் டயாலிசிஸ் நோயாளிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் அது போய்ச் சேரும். அதனால்தான் இந்த அவசரம்.

தடுப்பூசி: ஃப்ளூ ஊசியை இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். கிருமி உருமாறுவதால் சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்குப் போதாது. கர்ப்பிணி ஊழியர்களும் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

ஓபி வாசல்: இருமலோடு வருபவருக்குப் பதிவுச்சீட்டு தரும்போதே முகக்கவசமும் கொடுங்கள். தனி வரிசையில், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். மழைச்சாரலுக்காக எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிடாதீர்கள்.

கையும் முகமும்: நோயாளியைத் தொடுமுன்பும் தொட்டபின்பும் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேயுங்கள். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கை சுத்தம் அவசியம். காய்ச்சல் வார்டில் மூன்றடுக்கு முகக்கவசம் போதும். மூச்சுக்குழாய் பொருத்தும்போதும் சளி உறிஞ்சும்போதும் என்95 அணியுங்கள்.

டீ நேரம்: வார்டில் கவனமாக இருந்துவிட்டு, டீ அறையில் முகக்கவசத்தைக் கழற்றி நெருங்கி உட்கார்ந்து பேசுகிறோம். கிருமிக்கு அது போதும். ஒரே நேரத்தில் எல்லோரும் போகாமல் பிரிந்து போங்கள்.

காய்ச்சல் வந்தால்: பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு வராதீர்கள். அது கடமையுணர்வு ஆகாது. பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒசெல்டாமிவிர் தேவைப்பட்டால் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனபின் வேலைக்குத் திரும்புங்கள். அதன்பின்னும் சில நாள் முகக்கவசத்தோடு இருங்கள்.

நிர்வாகத்தினருக்கு: தூய்மைப் பணியாளர், வார்டு உதவியாளர், காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் டாக்டரும் நர்ஸும் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஊசியும் முகக்கவசமும் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு நாள் வராவிட்டால் கூலி போகும் என்ற நிலையில் ஓர் ஒப்பந்த ஊழியர் காய்ச்சலை மறைக்கத்தான் செய்வார். சம்பளம் பிடிக்காத நோய் விடுப்பையும், விடுப்பில் இருப்பவரின் ஷிஃப்டுக்கு மாற்று ஆளையும் இப்போதே உறுதி செய்யுங்கள்.