பண்டிகைக்கால விற்பனைப் போட்டி: எதற்குப் பரிசு தருகிறோம்?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையிலேயே தாராவியின் தோல்பொருள் கடைகளில் பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. நிறுவனங்கள் பரிசளிக்க வாங்கும் கைப்பைகளுக்கும் பணப்பைகளுக்கும் ஆர்டர்கள் அப்போதுதான் குவிகின்றன. மாதுங்காவின் புடவைக் கடைகளும் செம்பூரின் வீட்டு உபயோகப் பொருள் கடைகளும் எதிர்பார்த்திருப்பது இதே வாரங்களைத்தான். கூடுதல் சரக்குக்காகக் கடன் வரம்பை உயர்த்தக் கோரி வரும் வணிகர்களில் சிலர், விற்பனையாளர்களுக்குப் போட்டி ஒன்று வைக்கும் எண்ணத்தையும் தெரிவிக்கின்றனர். நல்ல எண்ணமே. ஆயினும், அப்போட்டியின் விதிகள் மூன்று மாதம் கழித்துக் கடன் கணக்கில் எவ்வாறு வெளிப்படும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பை மொத்த வணிகர் ஒருவரிடம் ஆறு விற்பனையாளர்கள் பணிபுரிவதாகக் கொள்வோம். அக்டோபரில் மிகுந்த தொகைக்குப் பில் போடுபவருக்கு ஒரு தங்கக் காசு என்று அவர் அறிவிக்கிறார். பெரிய வாடிக்கையாளர்களைக் கைவசம் வைத்திருக்கும் இருவர் பத்தே நாளில் முந்திவிடுவர். மற்ற நால்வருக்கும் அதன்பின் போட்டி இருந்தும் இல்லாததே. முந்தியவர்களில் ஒருவர் 9 லட்சம் ரூபாய்க்கு விற்று வெல்கிறார். அதில் 3 லட்சம், சில்லறைக் கடைகளுக்கு "விற்ற பின் பணம் தாருங்கள்" என்று ஏற்றிவிட்ட சரக்கு. ஜனவரியில் அதில் பாதி திரும்பி வருகிறது. மீதிக்குப் பணம் வந்தபாடில்லை. தங்கக் காசோ எப்போதோ கைமாறிவிட்டது.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. ரொக்கக் கடன் கணக்கில் டிராயிங் பவரைக் கணக்கிடுகையில், 90 நாட்களைக் கடந்த வரவேண்டிய பாக்கியைப் பொதுவாக வங்கிகள் சேர்ப்பதில்லை. ஆகவே, அடுத்த பருவத்திற்குத் தோல் வாங்க வேண்டிய வேளையில் வணிகர் எடுக்கக்கூடிய தொகை சுருங்கிவிடுகிறது.

பில் தொகையை அளந்தார். பில் தொகை கிடைத்தது. வங்கித் தொழிலே இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்பதை முழக்கமாகவே கொண்டிருந்தது. 'ஜம்ப் இன்டு ஜனவரி' என்ற பெயரில் ஜனவரி மாதங்களில் வழக்கத்தினும் உயர்ந்த அன்றாட இலக்குகளுடன் விற்பனை இயக்கமும் நடத்தியது. இலக்கை எட்ட, வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அவ்வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகள் ஏறத்தாழ 20 லட்சம் என்றும், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர் என்றும் அப்போது வெளியாயிற்று. கிளை ஊழியர்களுக்கான விற்பனை இலக்குகளை வங்கி கைவிட்டது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது. ஐயாயிரம் பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் நம்புவதற்கில்லை.

மீண்டும் நம் பை வணிகரிடம் வருவோம். அவர் மாற்ற வேண்டியவை இரண்டு. பில் தொகைக்குப் பதிலாக, வசூலாகி நின்ற தொகையை அளத்தல் ஒன்று. திரும்பி வந்த சரக்கை அதில் கழித்துவிட வேண்டும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒவ்வொருவரையும் அவரவரது சென்ற ஆண்டு விற்பனையோடு ஒப்பிடுதல் மற்றொன்று. சென்ற ஆண்டு 2 லட்சம் விற்றவர் இவ்வாண்டு 2.4 லட்சம் விற்றால் அவரும் வென்றவரே. ஆறு பேரும் கடைசி நாள்வரை ஓடுவதற்குக் காரணம் இருக்கும். பரிசில் பாதியை மாத இறுதியிலும், மறுபாதியைப் பணம் வசூலான பிறகும் கொடுக்கலாம்.

புடவைக் கடைக்கு இந்த அளவுகோலும் பொருந்தாது. அங்கே ஒருவர் வரவேற்கிறார், ஒருவர் புடவையை விரித்துக் காட்டுகிறார், ஒருவர் பில் போடுகிறார். விரித்த நாற்பது புடவைகளையும் மடித்து வைப்பவர் வேறொருவர். இவர்களுள் தனித்தனியே போட்டி வைத்தால் வாசலிலேயே வாடிக்கையாளரைப் பிடித்து இழுப்பார்கள், மடிக்க ஆளிருக்காது. அங்கே கடை முழுவதற்கும் ஒரே இலக்கும் பொதுப் பரிசுமே தகும். வீட்டு உபயோகப் பொருள் கடையிலோ, கூடுதல் உத்தரவாதத் திட்டங்களின் எண்ணிக்கைக்குப் பரிசு வைப்பதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மிக்சிக்கு வேண்டாத உத்தரவாதத்தைத் தலையில் கட்டினால், அந்தக் குடும்பம் குளிர்சாதனப் பெட்டி வாங்க வேறு கடைக்குச் சென்றுவிடும்.

பரிசுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? கூடுதல் விற்பனையைப் பார்க்காமல், அதில் கிடைக்கும் மொத்த இலாபத்தைப் பாருங்கள். கூடுதலாக 4 லட்சம் விற்று, மொத்த இலாபம் 25 விழுக்காடு எனில், கையில் நிற்பது ஒரு லட்சம். அதில் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை பரிசுக்கு ஒதுக்குதல் தாங்கக்கூடியது. போட்டிக் காலமும் நான்கு, ஐந்து வாரத்தைத் தாண்டாதிருக்கட்டும். நீண்டால் பரிசு சம்பளத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டு, நிறுத்தும்போது மனத்தாங்கல் எழும்.

விதிகளை ஒரு தாளில் தமிழிலும் இந்தியிலும் எழுதி, போட்டி தொடங்குமுன் அனைவரும் காணுமாறு ஒட்டிவிடுங்கள், இடையில் மாற்றாதீர்கள். பரிசுத் தொகையைப் பணியாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். அது அவரது சம்பள வருமானத்தோடு சேரும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.