சட்டப் பணிகள் ஆணைக்குழு: அமைப்பும் பயனும்

திண்டுக்கல் சமவெளியில் நிலம் வைத்திருப்போர்க்கு வழக்கு என்பது புதிய சொல் அன்று. மழையையும் கிணற்றையும் நம்பிப் பயிரிடும் பகுதி இது. கூட்டுக் கிணற்றில் எவர் எந்நாளில் நீர் இறைப்பது, வண்டிப்பாதை எவருடைய வரப்பின்மேல் செல்வது, வாய்க்கால் புறம்போக்கை எவர் மறித்தார் என்பன போன்ற கேள்விகள் ஒவ்வோர் ஊரிலும் எழுகின்றன. இவற்றுட் சில திண்ணையிலேயே தீர்ந்துவிடும். சில நீதிமன்றம் வரை செல்லும். அவ்வாறு சென்றவர்களைப் பற்றி, "வென்றவன் தோற்றவன், தோற்றவன் செத்தவன்" என்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவதுண்டு. வழக்கு முடிவதற்குள் இரு சாராரின் கைப்பொருளும் கரைந்துவிடும் என்பதே இதன் கருத்தாகும்.

இந்நிலையை மாற்றுவதற்கென்றே சட்டம் ஒரு குழுவை அமைத்துள்ளது. அதன் பெயரைப் பலர் கேட்டிருப்பர். அதனை ஆள்வோர் யார், அதனிடம் எதனை உரிமையாகக் கேட்கலாம் என்பதை அறிந்தவர் சிலரே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கிணற்றின் கதை

முதலில் என் தவறு ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஒன்றியத்தில் நான் பணியாற்றிய காலத்தில், கைம்பெண் ஒருவர் மனுவுடன் அலுவலகம் வந்தார். அவருக்கு ஒன்றேகால் ஏக்கர் நிலமும் கூட்டுக் கிணற்றில் பாதிப் பங்கும் உண்டு. கணவர் இறந்தபின், பங்காளிகள் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டனர். தக்காளிப் பயிர் கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது. நான் அம்மனுவின்மேல் "உரிய நடவடிக்கைக்கு" என்று எழுதி வேறோர் அலுவலகத்திற்கு அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்ததெனக் கருதினேன்.

இரண்டாண்டுகள் கழித்து அவரை மீண்டும் கண்டேன். வழக்குச் செலவிற்காகக் கறவை மாடுகள் இரண்டையும் விற்றிருந்தார். நகை அடகில் இருந்தது. வழக்கோ வாய்தாவிலேயே நின்றது. பெண் என்ற ஒரே காரணத்தினால், வருமானம் எவ்வளவாயினும், அவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைத்திருப்பார் என்பதை நான் அதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் அறிந்திருந்தேன். அதனை அவரிடம் கூறியபோது, "ஐயா, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மாடு இரண்டும் என் கொட்டகையில் நின்றிருக்குமே" என்றார். பட்டம் பெற்ற அதிகாரியாகிய எனக்கு அதற்கு மறுமொழி இல்லை.

சட்டம் வந்த வரலாறு

ஏழைக்கு இலவசச் சட்ட உதவி என்பது தருமம் அன்று. அரசமைப்புச் சட்டம் அரசின்மேல் சுமத்திய கடமை. 1976 ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது திருத்தத்தினால், 39-அ என்னும் உறுப்பு அரசமைப்புச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. பொருளாதாரக் குறையினாலோ வேறு குறைபாட்டினாலோ எந்தக் குடிமகனுக்கும் நீதி பெறும் வாய்ப்பு மறுக்கப்படலாகாது என்பது அதன் சாரம். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நீதிபதி பி. என். பகவதி ஆகியோரின் தலைமையில் அமைந்த குழுக்கள் இத்துறைக்கு வழிகாட்டும் அறிக்கைகளை அளித்தன.

1979 ஆம் ஆண்டில் ஹுசைனாரா காதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் குறிப்பிடத்தக்கது. பீகார்ச் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏழைகளைப் பற்றிய வழக்கு அது. குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்குச் சட்ட உதவி அளிப்பது, முறையான விசாரணையின் இன்றியமையாத உறுப்பு என்று நீதிமன்றம் அறிவித்தது. இதன்பின் 1987 ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் நிறைவேறி, 1995 நவம்பர் 9 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளே ஆண்டுதோறும் சட்டப் பணிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

குழுவின் அமைப்பு

நம் உள்ளாட்சி, ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி எனப் படிப்படியாக அமைந்திருப்பது போலவே இவ்வமைப்பும் நான்கு படிகளை உடையது.

உச்சியில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளது. இந்தியத் தலைமை நீதிபதி இதன் முதன்மைப் புரவலர். உச்ச நீதிமன்றத்தில் பணிபுரியும் அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் செயல் தலைவர். கொள்கை வகுப்பதும், நிதியைப் பகிர்ந்தளிப்பதும் இதன் பணிகள்.

அடுத்தது தமிழ்நாடு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இதன் முதன்மைப் புரவலர். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை அல்லது ஓய்வுபெற்றவர் ஒருவரை, தலைமை நீதிபதியைக் கலந்து, ஆளுநர் செயல் தலைவராக நியமிப்பார். மாவட்ட நீதிபதிக்குக் குறையாத தகுதியுடைய நீதித்துறை அலுவலர் உறுப்பினர் செயலராக இருந்து நாள்தோறும் நடக்கும் அலுவல்களைக் கவனிப்பார். உயர் நீதிமன்றத்தில் நடைபெறும் வழக்குகளுக்கெனத் தனிக் குழு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தார்க்கு உயர் நீதிமன்றம் என்பது 2004 இல் தொடங்கிய மதுரைக் கிளையே ஆதலின், மேல்முறையீட்டிற்கு உதவி வேண்டுவோர் சென்னை வரை செல்லத் தேவையில்லை.

மூன்றாவது படி மாவட்ட ஆணைக்குழு. மாவட்ட நீதிபதி இதன் தலைவர். நீதித்துறை அலுவலர் ஒருவர் செயலர். மற்ற உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து மாநில அரசு நியமிக்கும். நம் மாவட்டத்திற்குரிய ஆணைக்குழு திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் செயல்படுகிறது.

நான்காவது படி வட்ட சட்டப் பணிகள் குழு. அவ்வட்டத்தில் பணிபுரியும் நீதித்துறை அலுவலருள் மூத்தவரே இதன் தலைவர். பழனி, நிலக்கோட்டை, வேடசந்தூர் முதலிய ஊர்களின் சுற்றுவட்டார மக்கள் தத்தம் ஊர் நீதிமன்றத்திலேயே இக்குழுவை அணுகலாம்.

நீதிபதி ஏன் தலைவர்?

அரசின் பணம் செலவாகும் திட்டத்திற்கு மாவட்ட ஆட்சித் தலைவரையோ அமைச்சரையோ தலைவராக்காமல், நீதிபதியை ஏன் தலைவராக்கினர் என்ற ஐயம் எழலாம். இக்கேள்வியின் விடையிலேதான் இவ்வமைப்பின் உயிர் இருக்கிறது.

ஏழைக் குடியானவரின் எதிர்க்கட்சி எப்போதும் பங்காளி மட்டும் அன்று. நிலமெடுப்பில் இழப்பீடு குறைந்தவருக்கு அரசே எதிர்க்கட்சி. பொய்வழக்கில் சிக்கியதாகக் கூறுபவருக்குக் காவல் துறை எதிர்க்கட்சி. சாலைப் பணியில் தன் வேலி இடிக்கப்பட்டதாக முறையிடுபவருக்கு ஊராட்சி ஒன்றியமே, அதாவது நானே, எதிர்க்கட்சி. என்மேல் வழக்குத் தொடுக்க என்னிடமே உதவி கேட்க வேண்டியிருந்தால் எவர் துணிந்து வருவார்? ஆகவேதான், எவர் கட்சியையும் சாராத நீதிபதியிடம் தலைமை ஒப்படைக்கப்பட்டது.

பிற நாடுகளும் இக்கேள்வியைச் சந்தித்துள்ளன. இங்கிலாந்து 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சட்ட உதவியைத் தொடங்கியபோது, அதனை நடத்தும் பொறுப்பை வழக்கறிஞர் கழகத்திற்கு அளித்தது. பின்னர்த் தனி வாரியமும், அதன்பின் ஆணையமும் அமைத்தது. 2013 முதல் நீதி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் நிறுவனம் அப்பணியைச் செய்கிறது. ஆயினும், இன்ன மனிதருக்கு உதவி அளிக்க வேண்டும், இன்னாருக்கு அளிக்கலாகாது என்று அமைச்சர் கட்டளையிட முடியாதபடி சட்டம் தடுத்துள்ளது. தலைமை எவரிடம் இருப்பினும், உதவி வேண்டுவோரைத் தெரிந்தெடுப்பதில் அதிகாரத்தின் நிழல் விழலாகாது என்பது அங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கையே.

சுதந்தரம் இருப்பினும் கணக்கிற்கு விலக்கு இல்லை. தேசிய, மாநில, மாவட்ட அளவுகளில் தனித்தனிச் சட்ட உதவி நிதிகள் உள்ளன. அவற்றின் கணக்குகளை இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் தணிக்கை செய்வார். மாநில அமைப்புகளின் அறிக்கை சட்டமன்றத்தின்முன் வைக்கப்படும்.

எவர் உதவி பெறலாம்?

சட்டத்தின் 12 ஆம் பிரிவு இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், கொத்தடிமைத்தனத்திற்கும் ஆட்கடத்தலுக்கும் உள்ளானோர், வெள்ளம், வறட்சி, சாதிக் கொடுமை போன்றவற்றாற் பாதிக்கப்பட்டோர் ஆகிய இவர்கள் வருமானத்தைக் காட்டவேண்டுவதில்லை. ஏனையோர், அரசு விதித்துள்ள ஆண்டு வருமான வரம்பிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும். இவ்வரம்பு அவ்வப்போது உயர்த்தப்படுவதால், குழு அலுவலகத்திற் கேட்டறிவது நலம். வருமானத்திற்கு உறுதிமொழிப் பத்திரமே போதுமானது. அதனை நம்பாதிருக்கத் தக்க காரணம் இருந்தாலன்றி வேறு சான்று கேட்கப்படாது.

நூற்பாலைக்குச் செல்லும் வேடசந்தூர்ப் பெண்ணும், பூப்பறிக்கும் நிலக்கோட்டைப் பெண்ணும் இப்பட்டியலில் இருக்கின்றனர் என்பதை ஊராட்சியினர் கருத்திற் கொள்ள வேண்டும்.

மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினால், அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக்கொண்டு கைந்நாட்டுப் பெறுவர். வழக்கிற்கு முகாந்திரம் உண்டு எனக் குழு கருதினால் வழக்கறிஞர் நியமிக்கப்படுவார். நீதிமன்றக் கட்டணமும், நகல் பெறும் செலவும் குழுவைச் சார்ந்தவை. மனு தள்ளப்பட்டால் தலைவரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

"இலவச வக்கீல் என்றால் அக்கறையின்றி நடத்துவாரே" என்று சிலர் கூறுவர். இவ்வச்சம் காரணமற்றது அன்று. இதற்காகவே ஒவ்வொரு குழுவிலும் வழக்குகளின் போக்கைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்று 2010 ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கட்டணம் கேட்பதோ பெறுவதோ கூடாது. கேட்டால், வாளாவிருத்தல் தகாது. குழுச் செயலரிடம் முறையிட வேண்டும். முறையீடு வராத இடத்தில் கண்காணிப்பும் உறங்கிவிடும்.

மக்கள் நீதிமன்றம்

இக்குழுக்கள் நடத்தும் மற்றொரு பெரும்பணி, லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம். நிலுவையிலுள்ள வழக்கையும், இன்னும் தொடுக்கப்படாத தகராற்றையும் இங்குச் சமரசத்திற்குக் கொண்டுவரலாம். சமரசம் செய்துகொள்ள இயலாத குற்ற வழக்குகள் இதற்கு உட்படா. இரு சாராரும் ஒப்பினால் அளிக்கப்படும் முடிவு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. நீதிமன்றம் அனுப்பிய வழக்கு சமரசமானால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒப்பாவிடில் வழக்கு பழையபடி நீதிமன்றத்திற்கே செல்லும்.

ஊர்க் கட்டப்பஞ்சாயத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும். அங்கே பலர் கூடி ஒருவரை இணங்கச் செய்வர்; அபராதம் விதிப்பர்; ஊரைவிட்டு விலக்குவர். இவற்றுக்குச் சட்டத்தில் இடமில்லை. மக்கள் நீதிமன்றத்திலோ, மனமார ஒப்பாதவரை எவரும் கட்டாயப்படுத்த இயலாது.

முன்னர்க் கூறிய அம்மையாரின் வழக்கும் இவ்வாறே முடிந்தது. வட்டக் குழு நியமித்த வழக்கறிஞர் வழக்கை ஏற்றார். மக்கள் நீதிமன்றத்தில் இரு சாராரும் ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் இறைக்க இசைந்தனர். பூட்டிற்கு இரண்டு சாவிகள் செய்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர். கட்டணப் பணம் திரும்ப வந்தது. மாடுகள் திரும்ப வரவில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஊராட்சியினர் செய்ய வேண்டுவது பெரிதொன்றும் இல்லை.

1. வட்டக் குழு, மாவட்ட ஆணைக்குழு ஆகியவற்றின் முகவரியையும், 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல்.

2. கிராம சபைக் கூட்டத்தில், எவர் எவர் உதவி பெறலாம் என்னும் பட்டியலைப் படித்துக் காட்டுதல்.

3. படித்த இளைஞர், பெண்கள் ஆகியோரைச் சட்டத் தன்னார்வலராகச் சேர ஊக்குவித்தல்.

4. நிலப் பத்திரம், பட்டா, வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றின் நகல்களைப் பத்திரப்படுத்திவைக்கக் குடும்பங்களுக்கு அறிவுறுத்துதல். ஆவணம் இல்லாத வழக்கிற்கு எந்த வழக்கறிஞரும் அதிகம் செய்ய இயலாது.

5. ஊராட்சியின்மேலேயே குறைகூறி வருபவரையும் முகஞ்சுளிக்காமல் குழுவிற்கு வழிகாட்டி அனுப்புதல்.

ஐந்தாவதே கடினமானது, ஆயினும் அதுவே நம் நேர்மைக்கு உரைகல். நம்மை எதிர்த்து நிற்பவருக்கும் நீதியின் வழியைக் காட்டுகிற ஊராட்சியை மக்கள் நம்புவர். நம்பிக்கை உள்ள ஊரில் வழக்குகளும் குறையும்.

தலைமை நீதிபதி முதல் வட்டத்தின் நீதித்துறை அலுவலர் வரை பொறுப்பேற்றுள்ள அமைப்பு நம் ஊர் வாயில் வரை வந்து நிற்கிறது. ஆயினும் மோட்டார் அறையின் பூட்டு அதன் கண்ணிற் படாது. அதனைக் காண்பவர்கள் நாமே. கண்ட அன்றே, துன்புற்றவரிடம் ஒரு சொல் கூறி வழிகாட்டுவோமாக.