ஆயாக் கொட்டகைக்குப் பிறகு: குழந்தை, இளையோர் பராமரிப்புப் பணியில் கால் வைக்க விரும்புவோருக்கு

தஞ்சோங் மாலிமுக்கும் ஆசிரியப் பணிக்கும் உள்ள உறவு பழையது. 1922-இல் இங்குத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்றது. இங்குப் பயிலும் தமிழ் மாணவரிடம் படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால், ‘போஸ்டிங்’ என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் பதிலாக வரும். அதில் தவறில்லை. ஆனால், ஏழு வயதில் முதலாம் ஆண்டு வகுப்பில் வந்து அமரும் பிள்ளை அதற்கு முன் யார் கையில் வளர்ந்தது, படிவம் மூன்றில் பள்ளியை விட்டு நின்றவன் இப்போது யாருடன் திரிகிறான் என்ற இரு கேள்விகளும் நம் பட்டதாரிகளின் பார்வைக்கு வெளியிலேயே நிற்கின்றன.

தோட்டப்புறத்தில் முதல் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். வரிசையாகத் துணித் தூளிகள், ஒரு பானைக் கஞ்சி, ஓர் ஆயா. பால்மரம் வெட்ட முடியாத வயதுடைய பெண்ணே பெரும்பாலும் ஆயாவாக இருந்தார். அவருக்குப் பயிற்சி ஏதும் கிடையாது. கொட்டகையை நாம் பொற்காலமாக்கிப் பேச வேண்டியதில்லை. ஆயினும், குழந்தையின் தாயும் ஆயாவும் ஒரே லயத்துக்காரர்கள். எந்தப் பிள்ளைக்கு இரவு காய்ச்சல் வந்தது, எந்த வீட்டில் சண்டை என்பது ஆயாவுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது கொட்டகையும் போயிற்று. தாய் ‘ஷிப்ட்’ வேலைக்குப் போகிறாள். பிள்ளை பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறது.

இந்தப் பக்கத்து வீட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயது நிரம்பாத நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம் ‘தாஸ்கா’ ஆகும். சமூக நலத் துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தால் வீட்டு மையம், பத்தும் அதற்கு மேலும் என்றால் நிறுவன மையம். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுக்குள் ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுக்குள் பதின்மருக்கு ஒருவர் இருத்தல் வேண்டும். பாலர் பள்ளியான ‘தாடிக்கா’ வேறு. அது கல்வி அமைச்சின் கீழ் வருவது. வேலை தேடுவோர் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர்.

தாஸ்காவில் பணிபுரிய ‘கூர்சுஸ் அசுஹான் பெர்மாத்தா’ எனும் அடிப்படைப் பயிற்சி தேவை. அதற்கு மேல் தொடக்கக் குழந்தைமைக் கல்வியில் டிப்ளோமா, இளங்கலைப் பட்டம் என்று படிநிலைகள் உண்டு. அந்தப் பட்டப்படிப்பு நம் வளாகத்திலேயே இருக்கிறது. தேசியக் குழந்தை மேம்பாட்டு ஆய்வு மையமும் இங்கேதான். தமிழ்மொழி பயிலும் நம்மில் எத்தனை பேர் அதன் வாசலை எட்டிப் பார்த்திருப்போம்?

மொழி மாணவருக்கு இங்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு நாளில் பத்து மணி நேரம் பிள்ளையோடு இருப்பவர் பேசும் மொழியே அதன் முதல் மொழியாகிறது. ‘ஆ காட்டு’, ‘கை கழுவலாம் வா’ என்று தமிழில் சொல்ல ஆளிருந்தால்தான் முதலாம் ஆண்டில் நம் ஆசிரியருக்கு மாணவர் கிடைப்பர்.

இத்துறையில் நுழைவோரை உண்மையில் சோதிப்பது டயப்பர் மாற்றுவதன்று. கண்டதைச் சொல்லும் கடமைதான். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, ஒரு பிள்ளை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்தப்பட்டதாகவோ பாலியல் கொடுமைக்கு ஆளானதாகவோ நம்ப நியாயமான காரணம் இருந்தால், பராமரிப்பாளர் உடனே சமூக நல அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது குற்றம். 2017-ஆம் ஆண்டுச் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டமும் இதே போன்ற கடமையை எல்லார்மீதும் சுமத்துகிறது. ஏட்டில் இது எளிது. சிற்றூரில், பிள்ளையின் தொடையில் தழும்பைக் கண்டவருக்கு அதன் தந்தை கோயில் செயலவையில் உடனிருப்பவராக இருப்பார். “குடும்ப விவகாரம், விட்டுடும்மா” என்று நான்கு பேர் வருவார்கள். நிரூபிப்பது பராமரிப்பாளரின் வேலையன்று. எந்தத் தேதி, எந்த இடத்தில் என்ன அடையாளம், பிள்ளை எந்தச் சொற்களில் என்ன சொன்னது என்று அப்படியே எழுதிவைத்து அறிவிப்பதே அவர் வேலை. துருவித் துருவிக் கேட்டுப் பிள்ளையின் வாயில் பதிலைத் திணிப்பது வழக்கையே கெடுத்துவிடும். 15999 எனும் தாலியான் காசே எண் எந்நேரமும் இயங்குகிறது.

இளையோர் பக்கம் வந்தால், சான்றுக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வழக்கறிஞர் பசுபதி சிதம்பரம் முன்னின்று நடத்தும் ‘மைஸ்கில்ஸ்’ அறவாரியத்தின் வளாகம் அண்டை ஊரான களும்பாங்கில் உள்ளது. பள்ளியை விட்டு விலகிய, விலகும் நிலையிலுள்ள இந்திய இளைஞர்கள் அங்குத் தங்கித் தொழில் கற்கின்றனர். அத்தகைய இடத்தில் பணியாற்றுபவர் ஆசிரியராக மட்டும் இருந்தால் போதாது. பையன் காலையில் எழவில்லை என்றால் ஏன் என்று கேட்கவும், பிறப்புப் பத்திரம் இல்லாதவனுக்காகப் பதிவிலாகாவுக்கு நடக்கவும் வேண்டும். ஆண்கள் இத்துறைக்கு வருவதில்லை என்பது என் குறை. அப்பா இல்லாமல் வளர்ந்தவனுக்கு, கை ஓங்காத ஓர் அண்ணனைப் பார்ப்பதே ஒரு பாடம்.

சம்பளத்தை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது; பல தனியார் தாஸ்காக்களின் சம்பளம் அதைத் தாண்டி வெகுதூரம் போவதில்லை. டிப்ளோமாவும் பட்டமும் உள்ளவர் நிர்வாகி, பயிற்றுநர் என்று மேலேறலாம். சமூகப்பணி பயின்றவருக்கு சமூக நலத் துறையின் கதவு உண்டு. அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப்பணியைக் கற்பித்து வருகிறது.

விடுமுறையில் ஒரு மாதம் தாஸ்காவிலோ இல்லத்திலோ இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. நேர்காணலுக்குப் போகும்போது நீங்களும் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா? கைக்குழந்தை அறையில் ஒருவருக்கு எத்தனை குழந்தைகள்? காயம் பட்டால் எழுதும் புத்தகம் எங்கே, கடைசியாக எப்போது எழுதினார்கள்? அந்தப் புத்தகத்தைக் காட்டத் தயங்கும் இடத்தில் வேலைக்குச் சேர வேண்டாம்.